உன் இடப்பக்கத்தில் நின்றவள்

நைனா,

கண்ணில் விடுகிற சொட்டு மருந்து தொண்டைக்கு இறங்கிக் கசக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இன்று காலையும் கசந்தது. அம்மா ஒரு துண்டு வெல்லம் கொடுத்தாள். கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது உனக்கு எழுதவேண்டும் என்று தோன்றியது.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, நீ தறி ஓட்டிய ஷெட்டிலேயே நான் நூல் சுற்ற வந்தேன் இல்லையா? மத்தியானம் உனக்குச் சோறு எடுத்து வருவேன். உன் தறிக்கு இடப்பக்கம்தான் நிற்க இடம் இருக்கும். எட்டு பவர்லூம் ஓடுகிற சத்தத்தில் கத்தித்தான் கூப்பிடவேண்டும். நாலு பேர் முன்னால் எனக்குக் குரல் எழும்பாது. பேசாமல் நிற்பேன். நீ திரும்பவே மாட்டாய். சோறு ஆறிப்போன பிறகு எதற்கோ திரும்பி, "எப்ப வந்த? பூனை மாதிரி வந்து நின்னுக்கினு இருக்க" என்பாய். படிப்பை விட்டதற்கு என்மேல் கோபம் என்றுதான் நினைத்திருந்தேன்.

உன் கண்மேல் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. நம் ஊரில் நெசவுக்காரன் கண்ணுக்குப் பரீட்சை ஒன்றுதான். பாவு நூலில் ஒரு இழை அறுந்தால் எவன் முதலில் பார்க்கிறான்? நீதான் பார்ப்பாய். பக்கத்துத் தறி ஓட்டுகிற உன் தம்பி, சித்தப்பாகூட உனக்கு அடுத்துத்தான்.

பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டபோது நானும் கூட வந்தேன். பலகையில் கடைசி வரிவரை சரியாகச் சொன்னாய். ஆனாலும் டாக்டரம்மா விடவில்லை. "பார்வை நல்லா இருக்குது. கண்ணுக்குள்ள அழுத்தம் ஜாஸ்தியா இருக்குது. திருப்பதிக்கு வந்து உள்நரம்பைக் காட்டுங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்து நீ சித்தப்பாவிடம் சொன்னாய். "சோடாபுட்டி கண்ணாடி போட்டுக்கினு, அந்தம்மா என் கண்ணுல கோளாறுன்னுது!"

"அத்த நம்ம தறிக்கு இட்டுக்கினு வா. இழை புடிக்குதான்னு பாத்துடலாம்."

மூன்று பேரும் சிரித்தோம். நானும்தான். சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் போனது.

அடுத்த வருஷம், மெட்ராஸ் பக்கம் புதிதாக வந்த கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன்கள் நம் ரோட்டில் ஓட ஆரம்பித்தன. அப்படி ஒரு வேன் மோதித்தான் நீ செத்துப்போனாய். காலை எட்டு மணி, நல்ல வெயில். பாதி ரோட்டைத் தாண்டிவிட்டாய். இடப்பக்கமிருந்து ஹாரன் அடித்தபடியே வந்ததாம். அவ்வளவு பெரிய வண்டி தெரியாதா என்று எல்லாரும் கேட்டார்கள். போதையில் போயிருப்பார் என்று முதலில் சொன்னவர் சித்தப்பா. அன்றைக்கு நீ வீட்டில் டீ மட்டும் குடித்துவிட்டுப் போனாய். எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

இந்த வருஷ முகாமில் எனக்கும் அதே சீட்டு கொடுத்தார்கள். அம்மாவும் நானும் திருப்பதி போனோம். ஒரு கண்ணை மூடி, வெள்ளைக் கிண்ணம் மாதிரியான மிஷினில் மோவாயை வைக்கச் சொன்னார்கள். அங்கங்கே சின்ன வெளிச்சம் மின்னும், தெரிந்தால் பட்டனை அமுக்க வேண்டும். விட்டால் மார்க் போய்விடும் என்கிற பயத்தில், தெரியாதபோதும் அமுக்கினேன். மிஷின் பார்த்த அக்கா நிறுத்திவிட்டார். "கனிப்பிஸ்தேனே நொக்கம்மா. இதி பரீட்ச காது." தெரிந்தால் மட்டும் அமுக்கு, இது பரீட்சை இல்லை என்றார். இரண்டாம் முறை பொய் இல்லாமல் அமுக்கினேன்.

"நரம்பு இப்பத்தான் தேய ஆரம்பிச்சிருக்குது" என்றார் டாக்டர். "போனது திரும்பாது. மருந்தை விடாம போட்டா இருக்கிறதக் காப்பாத்தலாம். இந்த நோவு ஓரத்துப் பார்வையத்தான் முதல்ல தின்னும். நடுவுல கடைசிவரைக்கும் நல்லாத் தெரியும். அதனால யாரும் வர்றதில்ல."

சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துப் போன உன் சீட்டைக் கொடுத்தேன். "எங்க நைனாவுக்கு இழை நல்லாத் தெரியும். இடப்பக்கம் நான் நின்னா தெரியாது. வண்டி மோதி செத்துப்போச்சு" என்றேன்.

அவர் சீட்டை வாங்கிப் படித்தார். "பாக்காம உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா நீ சொல்றதக் கேட்டா அதுவாத்தான் இருக்கும். குடும்பத்துல வர்ற நோவு. அவரோட கூடப்பிறந்தவங்க இருந்தா சீக்கிரம் கூட்டிட்டு வா."

நீ கோபமாக இருந்ததில்லை. நான் அங்கே நின்றது உனக்குத் தெரியவே இல்லை. பஸ் புத்தூர் தாண்டும்வரை இதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

மூன்று நாள் ஷெட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நாலாம் நாள் கரண்ட் போய் எல்லாத் தறியும் நின்றன. ரோட்டில் வண்டி பெருகிவிட்டதைப் பற்றிப் பேச்சு வந்தது. "எங்கண்ணன் மாதிரி போதையில போனா..." என்று சித்தப்பா ஆரம்பித்தார். நான் எழுந்துவிட்டேன்.

"எங்க நைனா அன்னிக்குக் குடிக்கல. இடப்பக்கம் அதுக்குக் கண்ணு தெரியல. உனக்கும் அது வரலாமாம், சித்தப்பா."

"எனக்கா? இழை அறுந்தா இங்கேர்ந்தே சொல்லுவேன்டி."

"அதே பேச்சுதான் நைனாவும் பேசிச்சு."

கரண்ட் வந்தது. மற்ற தறிகள் ஓடின, சித்தப்பாவுடையது ஓடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கத்தில் வந்து குனிந்தார். "திருப்பதிக்கு மொத பஸ்ஸு எத்தினி மணிக்கு?"

நாளைக் காலை போகிறோம், நைனா. அவருக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும், பார்வை கொஞ்சம்தான் போயிருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். உனக்காகக் கேட்காமல் விட்ட கேள்விகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் அவருக்காகக் கேட்டுவிட்டுத்தான் வருவேன்.