ஆறாவது அட்டவணை

அக்டோபர் 14, செவ்வாய்

ஸ்ப்ளிட் நகரம் முழுக்கத் தெற்குக் காற்று. எல்லோருக்கும் தலைவலி, எரிச்சல்; எந்தத் தப்பு நடந்தாலும் இந்த ஊரில் பழி இந்தக் காற்றின் மேல்தான். எங்கள் கடலியல் ஆய்விதழுக்கு வரும் புகார், மேல்முறையீடு எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். இன்று வந்தது ஐந்து பக்கம். எழுதியவள் யகோடா. சிப்பிகளைப் பற்றிய அவள் கட்டுரையைப் போன மாதம் நிராகரித்தோம். ‘படித்தீர்களா, இல்லை காபி குடித்துக்கொண்டே முடிவு செய்தீர்களா?’ என்று கேட்டிருக்கிறாள். காபி குடித்துக்கொண்டேதான் இதையும் படித்தேன். மூன்றாம் பக்கத்தோடு மூடிவைத்துவிட்டேன்.

அக்டோபர் 15

மீதியையும் படித்தேன். நான்காம் பக்கத்தில் ஒரு வரி: ‘ஆறாவது அட்டவணையில் கணக்குத் தவறு என்கிறார் மதிப்பீட்டாளர். என் கட்டுரையில் இருப்பதே நான்கு அட்டவணைதான்.’

எண்ணிப் பார்த்தேன். நான்குதான்.

அப்படியானால் ஆறாவது யாருடையது? ரியேகா நகரில் இருக்கும் பேராசிரியர் லோவ்ரேயுடையது. அதுவும் சிப்பிக் கட்டுரை, மதிப்பீட்டாளரும் அதே ஆள். இரண்டு மதிப்பீடும் ஒரே நாளில் வந்தன. அவருடையதை இவளுக்கும் இவளுடையதை அவருக்கும் மாற்றிப் போட்டது — நான்தான், வேறு யார்? நல்ல கட்டுரையைத் தள்ளிவிட்டு ஓட்டைக் கட்டுரையை ஏற்றிருக்கிறோம். நன்றி சொல்லி லோவ்ரே அனுப்பிய அத்திப்பழங்களை அன்றே தின்று தீர்த்தாயிற்று. அடப்பாவி, என்னடா பண்ணி வெச்சிருக்க?

கடைசிப் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. மாத இறுதியில் அவளுடைய வேலை ஒப்பந்தம் முடிகிறது. கட்டுரை ஏற்கப்பட்டால்தான் நீட்டிப்பார்களாம்.

அக்டோபர் 16

அவள் கட்டுரையை ஏற்றுக்கொண்டு, லோவ்ரேயுடையதையும் அப்படியே விட்டுவிட்டால்? யாருக்குத் தெரியும்? நாள் முழுக்க இதே நினைப்பு.

அக்டோபர் 17

முதன்மை ஆசிரியர் நெவென்காவிடம் காபிக்கடையில் சொல்லிவிட்டேன்.

“காத்து மேல பழி போடப் போறியா, ஃப்ரானே?”

“இல்லக்கா. அன்னிக்குக் காத்தே இல்ல. நல்ல வெயில்.”

சிரித்துவிட்டார். பிறகு முகம் மாறியது.

“யார் மேல புகாரோ அவங்களே அத விசாரிக்கக் கூடாது. அந்த விதிய எழுதினவனே நீதான். ஃபைல என்கிட்ட குடு. மன்னிப்புக் கடிதம் மட்டும் நீ எழுது. ரெண்டு பேருக்கும்.”

வேலை போய்விடும் என்று நினைத்துப் போனேன். எனக்கு இன்னொரு காபி சொன்னார். அழுகை வந்துவிட்டது.

அக்டோபர் 20

‘தவறு என்னுடையது.’ இந்த ஒரு வரிக்கு ஒன்பது தாள் கிழித்தேன். லோவ்ரேவுக்கு எழுதுவதுதான் கஷ்டம். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறோமே.

அக்டோபர் 24

நெவென்கா தீர விசாரித்து யகோடாவின் கட்டுரையை ஏற்றுக்கொண்டார். மதியம் அவளே தொலைபேசியில்:

“அஞ்சு பக்கம் திட்டினதுக்கு நான் வருத்தப்படணுமா?”

“ஐயோ, வேண்டாம். மூணு பக்கத்தோட நிறுத்தாம இருந்தீங்களே, அதுக்கு நாங்கதான் நன்றி சொல்லணும்.”

லோவ்ரேயிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அக்டோபர் 30

யகோடாவுக்கு ஒப்பந்தம் நீட்டித்தாயிற்று. அப்பாடா.

நவம்பர் 11

ரியேகாவிலிருந்து பொட்டலம். பிரிக்கவே பயமாக இருந்தது. உள்ளே பிரிஞ்சி இலைகளுக்கு நடுவே உலர்ந்த அத்திப்பழம், மேலே ஒரு சீட்டு.

‘ஆறாவது அட்டவணையை மறுபடி போட்டுப் பார்த்தேன். தவறுதான். அச்சாகியிருந்தால் எந்த முகத்தோடு வகுப்புக்குப் போவேன்? பாதிப் பழம், புகார் எழுதிய அந்தப் பெயர் தெரியாதவருக்கு.’

எண்ணினேன், நாற்பத்திரண்டு. ஒன்றைக்கூட வாயில் போடாமல் இருபத்தொன்றை யகோடாவுக்குத் தபாலில் அனுப்பினேன். முகவரியை மூன்று முறை சரிபார்த்தேன்.