மருந்தடிக்காத மக்காச்சோளம்

ஐப்பசி 19, செவ்வாய்

விளக்கை அணைத்துப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை.

போன வருஷம் மருந்தடிக்கும்போதுதான் அக்கா வீட்டு மாமா சோளக்காட்டிலேயே மயங்கி விழுந்தார். அரியலூர் ஆஸ்பத்திரியில் பிழைத்து வந்தார். இந்த வருஷமும் மக்காச்சோளக் குருத்தில் புழு. போன மாதம் மறுபடி மருந்து டேங்கைத் தோளில் மாட்டியவரை மறித்துக்கொண்டு அக்கா என்னைப் போனில் கூப்பிட்டாள். பெரம்பலூரில் விவசாய ஆபீஸில் வேலை பார்ப்பவள் நான். சொன்னால் கேட்பார் என்று நினைத்திருப்பாள்.

"ஒரு இலையைப் புழு கடிச்சா, செடி உள்ளுக்குள்ளயே மத்த இலைக்கெல்லாம் சேதி அனுப்பும் மாமா. புழுவுக்குச் செரிக்காத மாதிரி இலை மாறும். புழுவைக் கொல்ற குளவியையும் வாசனை விட்டுக் கூப்பிடும். கொஞ்ச நாள் பொறுங்க" என்றேன்.

"அதுக்குள்ள பயிரு போச்சுன்னா?"

ஆனாலும் டேங்கை இறக்கி வைக்கும் சத்தம் போனில் கேட்டது.

இன்று நானும் மாமாவும் காட்டுக்குப் போய்ப் பார்த்தோம். கிழக்குப் பக்கம் நாசம். மற்ற இடங்களில் புதுக் குருத்து முழுசாக வந்திருக்கிறது. செடியே தாங்கியதா, நடுவில் பெய்த மழை புழுவை அடித்துக்கொண்டு போனதா, என்னால் சொல்ல முடியாது. அதை மாமாவிடம் மறைக்கவில்லை.

அவர் கிழக்குப் பக்கம் புழு தின்ற ஒரு குருத்தைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு வீசினார். பிறகு, "போனது போவட்டும். வா, உங்கக்கா சோறாக்கி வச்சிருப்பா" என்றார்.

அக்கா வாசலிலேயே நின்றாள். பயிரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மருந்து வாடை அடிக்கிறதா என்று அவர் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள்.