நாற்பத்தேழு நிமிடம்

மார்ச் 2

அன்புள்ள தராசுக்காரருக்கு,

நலம். நீங்களும் நலம்தான் என்று கடிதம் கொண்டுவரும் விமானி சொன்னார். தொப்பை போட்டிருக்கிறதாமே?

இந்த வானிலை அறையில் உட்கார்ந்து காற்றைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் விமான நிலையத்துக்கும் எங்களுடையதற்கும் நடுவே முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர் கடல். அங்கிருந்து வர நாற்பத்தேழு நிமிடம், இங்கிருந்து போக ஐம்பத்தெட்டு. அந்த எதிர்க்காற்றில் நான் மூன்று தடவை வந்துவிட்டேன். காற்றே முதுகில் கைவைத்துத் தள்ளியும் நீங்கள் ஒரு தடவைகூட வரவில்லை. எனக்கு மாற்றலாகி மூன்று வருடம். "பின்னாடியே வந்துடறேன்" என்று சொன்னது யாராம்?

வீட்டுச் சாவி வழக்கம்போல மழைமானிக்கு அடியில்.

காத்திருக்கும்,
காற்றுக்காரி

மார்ச் 9

என் காற்றுக்காரிக்கு,

தொப்பையெல்லாம் இல்லை. எழுபத்தொரு கிலோ. பெட்டி நிறுக்கும் தராசில் ஏறிப் பார்த்துவிட்டேன்.

என் பயம் உனக்குத் தெரியாததா? யார் எந்த வரிசை, எத்தனை கிலோ என்று பதினான்கு வருடமாக எடைத்தாள் எழுதித் தருகிறேன். ஒரு கிலோ பிசகியதில்லை. ஆனால் விமானத்தின் படியில் கால் வைத்ததுமே திரும்பி இறங்கிவிடுகிறேன். கனவில் மட்டும் தினமும் வருகிறேன், மேகத்தின்மேல் நடந்தே. உன் ஜன்னலில் விளக்கு தெரிந்ததும் விழித்துவிடுகிறேன்.

கப்பல் மறுபடி விடுவார்களாம். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

உன்
தராசுக்காரன்

மார்ச் 20

அன்புள்ள தராசுக்காரருக்கு,

கப்பலாவது கத்திரிக்காயாவது! முப்பதாம் தேதியோடு நம் விமானமே நிற்கிறது, ஆள் சேரவில்லையாம். அப்புறம் சுற்றிக்கொண்டு நாலு விமானம் மாற வேண்டும். ஒன்றுக்கே நடுங்குகிறவர் நாலில் ஏறுவீர்களா?

கடைசி விமானத்தில் வாருங்கள். கண்ணை மூடிக்கொண்டால் நாற்பத்தேழு நிமிடம்தான். வராவிட்டால் இனி கேட்கமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை.

காத்திருக்கும்,
காற்றுக்காரி

மார்ச் 27

என் காற்றுக்காரிக்கு,

வருகிறேன். நாலாவது வரிசை, ஜன்னலோரம். எடைத்தாளில் முதல் தடவையாக என்னையே எழுதப்போகிறேன்.

உன்
தராசுக்காரன்

மார்ச் 30

அன்புள்ள தராசுக்காரருக்கு,

இன்று விமானம் ஒரு நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டது. படிக்குக் கீழே நின்றேன். பதினெட்டுப் பேர் இறங்கினார்கள்.

விமானி கையிலிருந்த தாளில் பத்தொன்பது. நாலாவது வரிசை, எழுபத்தொரு கிலோ, உங்கள் குண்டுக் கையெழுத்து. "கதவு சாத்துற வரைக்கும் படியிலயேதாம்மா நின்னாரு" என்றார் அவர். தாளைத் திருத்த மறந்திருக்கிறீர்கள். பதினான்கு வருடத்தில் உங்கள் முதல் பிழை.

மேலே ஏறி அந்த இருக்கையில் சற்று நேரம் உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே எங்கள் ஓடுதளம் வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. நாற்பத்தாறு நிமிடம் உங்கள் எடை மட்டும் என்னைப் பார்க்கப் பறந்து வந்திருக்கிறது. சிரிப்பு வந்தது, பிறகு அழுதேன். உங்களுக்கு ஆசை இல்லை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

உங்கள் வேலைக்கு ஒன்றும் வராது. பத்தொன்பதை அடித்துப் பதினெட்டு என்று எழுதவைத்துவிட்டேன்.

இந்தக் கடிதம் அதே விமானத்தில் திரும்பி வருகிறது. எதிர்க்காற்று இன்று பலம், ஒரு மணி நேரம் ஆகலாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைமானிக்கு அடியிலிருந்த சாவியை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

காற்றுக்காரி