தர்ஷினி கொடுத்த மருந்து

ஜூன் 8, ஞாயிறு
வைட்ஃபீல்ட் ஹோட்டலில், ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கான அப்டேட் கூட்டம். ஆன்டிபயாடிக் குடலின் நல்ல கிருமிகளையும் கொன்றுவிட, தீராத பேதியில் கிடப்பவர்களுக்கு இன்னொருவரின் மலத்தைக் கரைத்துக் குடலுக்குள் செலுத்துகிறார்கள். பெரும்பாலானவர்கள் தேறிவிடுகிறார்கள். மலம் என்றதும் அரங்கமே சிரித்தது. நானும்தான். வீட்டில் சாப்பாட்டு வேளையில் அந்தச் சொல்லைச் சொன்னாலே அம்மா எழுந்துபோய்விடுவாள். ஆனால் எனக்கு எங்கள் வார்டில் கிடக்கும் ரெமிஜியஸின் முகமே கண்ணுக்குள் நின்றது.

ஜூன் 9
பிரேசர் டவுன் ரெமிஜியஸுக்கு எழுபது வயது. நிமோனியா ஆறிற்று, அதற்கு நாங்கள் கொடுத்த மருந்தே பேதியைக் கொண்டுவந்தது. மூன்றாம் முறையாக வார்டில் படுத்திருக்கிறார். எலும்பும் தோலும்தான் மிச்சம். அவர் மனைவி ஜூடித்திடம் இந்த வைத்தியத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.
"பொழைப்பாரா டாக்டர்? அத மட்டும் சொல்லுங்க."
ரெமிஜியஸோ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "அதுக்கு நான் செத்தே போறேன்."

ஜூன் 11
அவர் சம்மதித்தாலும், மலம் யார் கொடுப்பது? மகன் நோயல் போன மாதம்தான் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்கிறார். ஆகாது. அவர் மனைவி தர்ஷினி தானாக வந்தாள். சேலத்து இந்துப் பெண். கல்யாணமானதிலிருந்து மாமனார் அவளோடு பேசியதே இல்லையாம்.
"நான் குடுக்கறேன் டாக்டர். மாமா கேட்டா மட்டும் யாருன்னு சொல்லுங்க."

ஜூன் 16
அவளுடைய பரிசோதனைகள் எல்லாம் சரி. யாருடையது என்று ரெமிஜியஸ் கேட்டார், சொன்னேன். சுவரை விட்டு என் பக்கம் திரும்பினார்.
"அந்தப் பொண்ணுக்கு வலிக்கிற மாதிரி ஏதாச்சும் பண்ணீங்களா?"
"ரத்தம் எடுத்தோம், அவ்வளவுதான்."
"சரி. செய்ங்க."

ஜூன் 17
செய்தாயிற்று. ஏதோ கலங்கல் தண்ணீர். இதையா நம்பி இருக்கிறேன்?

ஜூன் 18
இன்னும் பேதி போகிறது.

ஜூன் 20
நர்ஸ் வீணா காரிடாரில் ஓடி வந்தாள். "மேடம், கெட்டியா போயிருக்கார்!" இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம், எனக்குக் கண்ணில் தண்ணீர். கஞ்சி வேண்டும் என்றாராம்!
என்ன இது? நான் படித்த மருந்தெல்லாம் தோற்ற இடத்தில், கண்ணுக்கே தெரியாத கோடானுகோடி உயிர்கள் ஓர் உடம்பிலிருந்து இன்னொன்றுக்குக் குடிபோயிருக்கின்றன. என்ன ஊர், என்ன சாமி என்று எதையும் கேட்கவில்லை. போன இடத்தில் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டன. இத்தனை வருஷம் வைத்தியம் பார்த்து என்ன தெரிந்துகொண்டேன்?

ஜூலை 25
ரெமிஜியஸ் தானே நடந்து வந்தார். கன்னத்தில் சதை. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன்.
"இவளக் கேளுங்க டாக்டர்" என்று பக்கத்தில் நின்ற தர்ஷினியைக் காட்டினார். அவள் இட்லி, ரசம் சாதம் என்று சொல்லிக்கொண்டே போனாள்.
"உப்புதான் கொஞ்சம் கம்மி" என்றார் அவளிடம்.