ஃபேனுக்கு ஒரு ஓட்டு

அன்புள்ள வாயாடிக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் பாப்பாவும் நலம்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

இங்கே எங்கள் அறையில் ஆறு பேருக்கு ஒரே ஃபேன். அதை எந்த நம்பரில் வைப்பது, விளக்கை எப்போது அணைப்பது என்று பழைய ஆட்கள் போட்ட சட்டம் உண்டு. போன வாரம் வந்த வெல்டர் மல்லுக்கு நின்றான்.

"நான் எப்பண்ணே இதுக்கெல்லாம் ஒத்துக்கிட்டேன்?"

"இங்கதானே தங்கியிருக்க? அப்ப ஒத்துக்கிட்ட மாதிரிதான். பிடிக்கலைன்னா கிளம்பு" என்றார் கிரேன் ஓட்டுகிறவர்.

"பாஸ்போர்ட்டு கம்பெனிகிட்ட இருக்கு. எங்கண்ணே போறது?"

கல்லூரியில் நான் நடத்திய அரசியல் பாடமும் கிரேன்காரர் சொன்னதுதான். குடியிருப்பதே சம்மதம் என்று போர்டில் எழுதிப்போட்டிருக்கிறேன். கடைசியில் ஓட்டெடுத்தோம். நானும் பழைய சட்டத்துக்கே கை தூக்கினேன். ஃபேன் பழையபடி இரண்டில் ஓடுகிறது. தோற்றவன் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்துக்கொண்டான். எனக்குச் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. சிரிக்காதே, இந்த நாட்டில் எனக்கு இருக்கிற ஓட்டு அது ஒன்றுதான்.

வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வீடு வீடாக வருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஆள் இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவார்களாம். என் நீலச் சட்டையை நனைத்து வாசல் கொடியில் போடு. கேட்டால், கடைக்குப் போயிருக்கிறார், இப்போது வந்துவிடுவார் என்று சொல். பாப்பாவையும் அப்படியே சொல்லச் சொல்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. சட்டை காய்ந்தாலும் எடுக்காதே.

உன் வீட்டுக்காரன்