ஓரத்தில் இடம் விடாத புத்தகம்

இன்று காலை என் கைபேசிக்கு உன் புத்தகம் வந்தது. சேத்தியாத்தோப்பில் இருக்கும் என் சம்பந்தி, "நெய்வேலி சுரங்கத்தைப் பற்றியது, கட்டாயம் படிக்கவும்" என்று எனக்கே அனுப்பியிருக்கிறார். அதைப் புத்தகமாக்கியவனே நான்தான் என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. "படிக்கிறேன்" என்று பதில் போட்டுவிட்டு, உன்னிடம் சொல்ல உட்கார்ந்தேன்.

சுரங்கத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, நண்பன் என்ற உரிமையில் முத்தாண்டிக்குப்பத்தில் பஸ் ஏறி என் மகனின் குவார்ட்டர்ஸுக்கு வருவாய். நிலக்கரி ஏற்றிப்போகும் பெல்ட்டோடு கழிந்த உன் காலத்தை என் பழைய கணினியில் இரண்டு விரலால் தட்டி எழுதுவாய். அலங்காரம் எதுவும் இல்லாத வெறும் எழுத்துக் கோப்பு. அப்படித்தான் எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான். எந்தக் கணினியிலும் திறக்கும், பிறகு எந்த வடிவத்துக்கும் மாற்றலாம் என்று நானாகவே படித்துத் தெரிந்துகொண்டிருந்தேன்.

ஒவ்வொரு பத்தியைத் தொடங்கும்போதும் இடைவெளிக் கட்டையைப் பல முறை தட்டுவாய்.

"இன்னாத்துக்குயா இவ்ளோ எடம் வுடுற?"

"அப்புறம் எஞ்சினியர் எங்க கையெழுத்து போடுவாரு?"

ஷிஃப்ட் ரிப்போர்ட்டில் இடது ஓரம் அதிகாரிக்கு உரியது. எழுதுகிறவன் அதைத் தொடக்கூடாது. சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். "எழுதிக்கினே பழகிட்டன். கை கேக்க மாட்டேங்குதுயா."

ஓய்வு பெற்றோர் சங்க மலரில் போடுவதற்காகக் கோப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அச்சுக் கடையின் பழைய எழுத்துருவில் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்ததாம்.

"வெறும் நோட்ஸ் சார் இது. புக்குன்னா அதுக்கு ஒரு ஃபார்மேட் வேணாமா? முழுசா திருப்பி அடிச்சுக் குடுங்க, பாக்கலாம்" என்றார் செயலாளர்.

"ஒரு எழுத்தைக்கூடத் திருப்பி அடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

"வுடுய்யா" என்றாய் நீ. ஆனாலும் ஒவ்வொரு ஆண்டு மலர் வரும்போதும் முதலில் பொருளடக்கத்தைத்தான் புரட்டினாய். அதில் உன் பெயரைப் பார்க்காமலேயே போய்ச் சேர்ந்தாய். அந்த வருத்தம் எனக்கு ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

உன் காரியம் முடிந்த வாரமே வேலையை ஆரம்பித்தேன். மின்னூலாக்கும் ஒரு நிரலின் ஆங்கில விளக்கத்தை அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். தலைப்புக்கு முன்னால் ஒரு குறி, பத்திகளுக்கு நடுவே ஒரு வெற்று வரி. இவ்வளவு செய்தால் போதும், வெறும் எழுத்து மின்னூலாகிவிடும் என்றது விளக்கம். ஆகவில்லை. தலைப்புகள் அழகாக வந்தன. உன் பத்திகளோ ஒவ்வொன்றும் ஒரு சாம்பல் நிறப் பெட்டிக்குள் ஒரே வரியாக நீண்டு, திரைக்கு வெளியே போய் மறைந்தன.

மகன் எட்டிப் பார்த்தான். "கடையில குடுத்துடலாம்பா."

"நீ உன் ஷிஃப்டுக்குப் போ."

பிறகுதான் பிடிபட்டது. இடம் விட்டுத் தொடங்கும் பத்தியை அந்த நிரல் தொடுவதே இல்லை. இருந்தபடியே பெட்டியில் போட்டு மூடிவிடுகிறது. எஞ்சினியருக்காக நீ விட்ட ஓரம்தான் உன்னைப் பெட்டிக்குள் அடைத்திருந்தது. தேடி நீக்கும் கட்டளையைக் கொடுத்தேன். ஒரே தட்டில் அத்தனை இடமும் போயிற்று. உன் எழுத்து இடது ஓரத்தை முட்டிக்கொண்டு நின்றது. அடுத்த தட்டில் அட்டை, பொருளடக்கம், அத்தியாயங்கள் எல்லாம் வந்தன. கைபேசியில் திறந்தேன். எழுந்து நின்று கைதட்டினேன். சமையலறையிலிருந்து மருமகள் ஓடி வந்தாள்.

முதல் பிரதியைச் செயலாளருக்குத்தான் அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"எந்தக் கடையில சார் பண்ணீங்க? பிரமாதம்! முன்பக்கத்துல நம்ம சங்க முத்திரையும் என்னோட வாழ்த்துரையும் சேத்துடுங்க."

"அதுக்கெல்லாம் எடம் வுடலைங்க."

மறுநாள் உன் வீட்டுக்குப் போய், மழையில் பெல்ட்டை நீ நிறுத்தச் சொன்ன அத்தியாயத்தை உன் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டவர், சோற்று அடுக்கு வரும் இடத்தில் நிமிர்ந்துவிட்டார்.

"மீன் கொழம்பா? பொய்யிண்ணே! அன்னிக்கி நான் குடுத்தது கருவாட்டுக் கொழம்பு. செத்தும் திருந்தல பாரு இந்த ஆளு!"

உன் வரியை நான் மாற்றவில்லை. மாற்றவும் மாட்டேன். அதன் கீழே அவர் சொன்னதையும் ஒரு பத்தியாகச் சேர்த்து மறுபடி புத்தகமாக்கினேன். அதற்குள் டீகூட ஆறவில்லை.

அதிலிருந்து புத்தகம் கைபேசிக்குக் கைபேசி பரவி, ஆள் ஆளாய்க் கூப்பிடுகிறார்கள். நேற்று நெல்லிக்குப்பத்திலிருந்து ஒருவர் பேசினார். அன்றைக்கு பெல்ட்டை நிறுத்தச் சொன்னது நீ இல்லையாம், அவராம். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். அவர் சொல்வதையும் உன் பத்திக்குக் கீழே சேர்ப்பேன். அதற்கு முன்னால், உன் பக்கம் நின்று அவரோடு ஒரு சண்டை போட வேண்டும்.