பாதி வழியில் ஒரு சொம்பு

அடியே செவந்தி,

ஜெயிச்சுட்டேன்! நார்த்தாமலையிலேருந்து புதுக்கோட்டை வரைக்கும், பூட்ஸ் போட்ட காலேஜ் பயலுகள வெறுங்காலோட முந்திட்டேன். வெள்ளிக் கப்பு என் மடியில இருக்கு.

பித்தாகரஸுன்னு ஒரு கிரேக்கன் போட்ட கணக்கு மண்டையில ஏறாமத்தான் ஸ்கூல விட்டு ஓடுனேன். அத வச்சு ஒங்கப்பா பந்தியில, "மாப்ள ஓடுறதுக்கு மட்டும்தான் லாயக்கு"ன்னாரு. இனி இந்த வீட்டுப் பச்சத்தண்ணியும் தொடமாட்டேன்னு எலையிலேருந்து எந்திரிச்சேன். நீ எங்கூட வராம ஒங்கப்பா வீட்டுலயே நின்னுட்ட. அதப் பத்தி இப்ப எழுதல.

லூயிஸுன்னு இன்னொரு கிரேக்கன் இருந்திருக்கான். தண்ணி சுமந்து பொழச்சவன். ஒலிம்பிக்ஸ்ல மொத மாரத்தான் ஜெயிச்சது அவன்தானாம். வழியில குடுத்தத வாங்கிக் குடிச்சுட்டு ஓடுனானாம். பழைய ஸ்கூல் டிரில் மாஸ்டர் சொன்ன அந்தக் கதைதான் என்னய இந்தப் பந்தயத்துக்கு இழுத்துச்சு.

ஒங்க ஊருக்குப் பிரியிற விலக்கு ரோடு வாரப்பவே நாக்கு ஒட்டிப்போச்சு. கண்ணு இருட்டுது. பாத்தா, ஒங்கப்பா சொம்பும் கையுமா நிக்கிறாரு.

"பழைய சோத்து நீச்சத்தண்ணி, மாப்ள. வீராப்ப அப்புறம் வச்சுக்கங்க, பின்னால காலேஜ் பய ஒருத்தன் வந்துட்டான்!"

வாங்கி மடமடன்னு குடிச்சேன். சின்ன வெங்காயம் நசுக்கிப் போட்டிருந்துச்சு. அது யாரு கைப்பக்குவம்னு எனக்குத் தெரியாதாடி? அப்புறம் எவனும் என்னயப் புடிக்கல.

சபதம் போச்சு. மாமனார் வீட்டுத் தண்ணியிலதான் ஜெயிச்சான்னு ஊரு பேசும். பேசட்டும், உண்மதானே.

வெள்ளிக்கிழமை கப்போட வாரேன். பொட்டியக் கட்டி வையி. கெளம்புறதுக்கு முன்னால கப்பு நெறைய மோர் ஊத்தி ஒங்கப்பாகிட்ட குடு. அவரு மொதல்ல குடிக்கட்டும், மிச்சம் எனக்கு.

இப்படிக்கு,
ஓடுறதுக்கு மட்டும் லாயக்கானவன்